கூடையில் ஒன்று

அப்பா காளான் கூடையை மேசையில் கவிழ்த்ததும் விலியா கத்தியை எடுக்கக் கை நீட்டினாள். அடுப்பில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

"நான் பாத்து நறுக்குறேன்ப்பா."

"என் வீட்டுல காளானை நான்தான் பாப்பேன். பேசாம உக்காரு."

ஒவ்வொன்றாக மண் தட்டி நறுக்கினார். வெளிர்பச்சைக் குடையுள்ள ஒன்றின்மேல் கத்தி இறங்கியது. விலியா பதறி எழுந்தாள்.

கத்தி நின்றது. அதைக் குப்பையில் எறிந்தார்.

"விஷக்காளான். இந்தப் பக்கம் இது ஓக் மரத்தடியிலதான் முளைக்கும். நான் இன்னைக்குப் பைன் காட்டைத் தாண்டவே இல்ல. நீதானே போட்ட?"

விலியா தலைகுனிந்தாள். "உங்களுக்கு வயசாயிடுச்சு. இனிமே உங்களைத் தனியாக் காட்டுக்கு விடலாமான்னு பாக்கத்தான்..."

"சின்ன வயசுல உன்னைத் தனியாக் காட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, உன் கூடையிலயும் நான் ஒண்ணு போட்டேன்."

"நான் கண்டுபிடிச்சேனா?"

"இல்ல. அதான் ரெண்டு வருஷம் உனக்குத் தெரியாம உன் பின்னாலயே வந்தேன்."