வெள்ளைச் சட்டையும் கடைசி அத்தியாயமும்

திருச்செங்கோட்டு நூலக மாடியில் மாலை வெயில் மேசைமேல் சாய்கிறது. வாசகர் வட்டத்துக்கென்று வாங்கிய ஒரே பிரதி வீடு வீடாகச் சுற்றிவிட்டு அட்டை வளைந்து நடுவில் கிடக்கிறது. நாவலைத் தேர்ந்தெடுத்த நர்மதா தன் சொந்தப் பிரதியை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் வருஷக்கணக்கில் திரும்பாத புருஷன் கடைசி அத்தியாயத்தில் வந்து கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்க மறுத்துவிடுகிறாள். அது சரியா தப்பா என்று வட்டத்துக்காரர்கள் பேசிக் கேட்கத்தான் நர்மதா வந்திருக்கிறாள். ஏழு வருஷமாக வீடு திரும்பாத அவளுடைய புருஷனும் இந்த வெள்ளிக்கிழமை வருகிறான்.

"ஏனுங்க, போர் போடறவன் வெள்ளைச் சட்டையில நிக்கறானாமா?" முன்பு ரிக் ஓட்டிய அப்புசாமி தொடையில் தட்டிச் சிரிக்கிறார். "பறக்கற மண்ணுல கண்ணு மூக்கே தெரியாதுங்க!" "சட்டைய உடுங்கண்ணா. அந்த முடிவு..." என்கிறாள் நர்மதா. "முடிவு படுமோசமுங்க," முறுக்கைக் கடித்துக்கொண்டே நல்லம்மாள் சொல்கிறாள். "ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துக்கறாங்க, சினிமாவாட்ட." வட்டத்தை நடத்தும் தீனதயாளன் சாரும் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஆமாமா, எனக்கும் ஒப்பலை" என்கிறார்.

நர்மதா நடுவில் கிடக்கும் பிரதியை எடுத்துப் புரட்டுகிறாள். அச்சகத்தில் வெட்ட விட்டுப்போன கடைசிப் பக்கங்கள் மேல் விளிம்பில் இன்னும் ஒட்டியே இருக்கின்றன; யாரும் பிரித்ததே இல்லை. மேசையிலிருக்கும் இரும்பு ஸ்கேலைச் செருகி இழுக்கிறாள். காகிதம் கிழிகிற சத்தத்தில் முறுக்குச் சத்தம் நின்றுபோகிறது. புத்தகத்தைத் திறந்தபடியே சாரின் முன்னால் தள்ளுகிறாள். "இப்பப் படிங்க சார். படிச்சுட்டு, அவ கதவத் தொறக்கோணுமா வேண்டாமான்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னாப் போதுமுங்க."