ரெண்டு வாய் பாஸ்தா

"நல்லா இருக்கு அண்ணி உங்க நியாயம். அவருக்கு ரப்பர் நூலு, உங்களுக்குப் பாஸ்தாவா?"

தையல்காரரின் தங்கை கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வந்ததும் சாப்பாட்டு மேஜையைப் பார்த்து அண்ணியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் போனில் புலம்பியதைக் கேட்டு, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று வந்தவள்.

"அவர் எதிர்லயே உட்கார்ந்து சாப்பிட எப்படித்தான் மனசு வருதோ."

"எனக்குச் சர்க்கரை இல்லையே" என்று மட்டும் சொன்னாள் அண்ணி. நீயும் ஒரு வாய் சாப்பிடு என்று ஒப்புக்குக்கூடக் கூப்பிடவில்லை. இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்று தங்கை கிளம்பிப் போய்விட்டாள்.

தையல்காரர் குனிந்து தன் தட்டையே கிளறிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அவர் குட்டு உடைந்துவிடும்.

அவருக்கு ரெண்டு கண்ணிலும் புரை. விளக்கெல்லாம் பஞ்சுமிட்டாயாகத் தெரியும். தெருவில் போகிறவர்கள் பனியில் மிதந்து போவார்கள். துணியை விரலால் தடவித் தடவித்தான் தைத்தார். ஊசியில் நூல் கோக்க மனைவி வரவேண்டும்.

கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கினால் ஆபரேஷன். இல்லாவிட்டால் தள்ளித்தான் போடவேண்டும். தள்ளிப் போட்டால் கடையை மூடவேண்டியதுதான் என்று தையல்காரருக்குத் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய, மனுஷன் பாஸ்தாப் பைத்தியம்.

அதற்காகத்தான் ஏதோ ஒரு கிழங்கில் செய்த, சர்க்கரையை ஏற்றாத, ரப்பர் நூல் மாதிரியான கொன்ஜாக் நூடுல்ஸ் வீட்டுக்குள் வந்தது. பாக்கெட்டை வெட்டினாலே மீன் கடை வாசனை. மனைவி மூன்று தண்ணீர் விட்டு அலசுவாள். வெறும் சட்டியில் போட்டு, ஈரம் வற்றி கீச் கீச்சென்று சத்தம் வரும்வரை புரட்டுவாள். அப்புறம்தான் பூண்டும் தக்காளியும். பக்கத்து அடுப்பில் தன்னுடைய பாஸ்தா வேகிறது என்பாள். அந்தப் பாக்கெட்டை அவள் சரசரவென்று பிரிக்கும் சத்தம் கேட்டாலே இவருக்கு நாக்கு ஊறும்.

முதல் நாள் தன் தட்டில் இருந்ததை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மழையை மென்று முழுங்குகிற மாதிரி இருக்கிறது என்றார்.

நாலாம் நாள் திருட ஆரம்பித்தார்.

அவள் மறதிக்காரி. தினமும் தண்ணீர்ச் செம்பை மறந்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவாள். போனால் சட்டென்று வரவும் மாட்டாள். இவர் முள்கரண்டியை நீட்டி அவள் தட்டிலிருந்து ரெண்டு வாய் எடுத்துக்கொள்வார்.

ஆகா, அதுவல்லவா பாஸ்தா. கண்ணை மூடிக்கொள்வார். ஜன்னல் வெயில், சுவர், மேஜை எல்லாம் மெல்ல மிதக்கும். தானும் ஒரு படகில் படுத்துக்கொண்டு எங்கோ போவதுபோல இருக்கும். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் கரைக்கு வந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்.

பயமும் இருந்தது. நாளையோடு விட்டுவிடவேண்டும் என்று தினமும் நினைப்பார். மறுநாளும் அவள் தண்ணீரை மறந்து தொலைப்பாள்.

நடுவில் ஒருநாள் மனைவி தன் சட்டையைக் கொண்டுவந்து, இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துக் கொடுங்கள் என்றாள். பிடித்துக் கொடுத்தார். அடுத்த மாதம் அதே சட்டை மறுபடி வந்தது. பாஸ்தா சாப்பிடுகிறவள் எப்படி இளைப்பாள்? நாம் திருடித் திருடித்தான் இவளுக்கு வயிறு நிறையவில்லையோ என்று அவருக்குச் சங்கடமாகிவிட்டது. அன்று மட்டும் ஒரே வாயோடு நிறுத்திக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. திருட்டை டாக்டரிடம் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டதாம். வீட்டில் நல்ல கவனிப்பு என்றும் சொன்னார்.

ரெண்டு வாய் கணக்கில் வராது போலிருக்கிறது என்று தையல்காரர் மனசுக்குள் துள்ளிக்கொண்டார்.

முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மத்தியானம், உலகத்தையே துவைத்துக் காயப்போட்டதுபோல் இருந்தது. மேஜை விரிப்பில் பூப்போட்டிருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரெண்டு தட்டும் வந்தன. நாலு வாய் சாப்பிட்டதும், தண்ணீரை மறந்துவிட்டேன் என்று மனைவி எழுந்து போனாள்.

பழக்கதோஷம், அவர் கை நீண்டது. நீண்ட கை அப்படியே நின்றுவிட்டது.

தன் தட்டைப் பார்த்தார். தக்காளிக்கு அடியில் கண்ணாடி மாதிரி நூல்கள். அவள் தட்டைப் பார்த்தார். அதே கண்ணாடி நூல்கள்.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பில் ஒரே ஒரு சட்டி. அலமாரியின் மேலடுக்கில் ஒரு பாஸ்தா பாக்கெட், உள்ளே ஒன்றும் இல்லை, பிரித்துப் பிரித்துக் கசங்கித் துணியாகிப் போயிருந்தது. அவள் நிறைந்த செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, இவருக்கு முதுகைக் காட்டிச் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

சத்தம் போடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவளும் வந்தாள். வந்ததும் முதலில் தன் தட்டைத்தான் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, உடம்புக்கு எதுவும் சரியில்லையா?"

அவர் அவள் கையிலிருந்த செம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார்.

"நாளையிலேர்ந்து உனக்கு நிஜமாவே பாஸ்தா வேக வை. நான் திருட மாட்டேன்" என்றார். "அந்தச் சட்டையையும் கொண்டா. உள்ளே துணி விட்டுத்தான் பிடிச்சிருக்கேன், பிரிச்சுத் தந்துடறேன்."