யாரைக் கழற்றுவது?

ஸ்டீயரிங் இறுகிப்போன பழைய கார் ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. கோளாறு எதில் இருக்கிறதோ அதைக் கழற்றி எறியப்போவதாக மெக்கானிக் கஃபூர் பாய் சொன்னதும் காருக்குள் ஒரே கூச்சல்.

“முன்சக்கரங்கள்தான் சண்டித்தனம் பண்ணுதுங்க!” என்றது, ஸ்டீயரிங் வீலின் சுற்றைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பெட்டி.

“எங்களைத் திருப்புறதே நீதானய்யா!” என்று சக்கரங்கள் சீறின.

“அப்படியா? பிரிச்சே பாக்கட்டும், யாருன்னு தெரிஞ்சிடும்!” என்றது பெட்டி.

கஃபூர் பாய் அதைத்தான் செய்தார். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, பெட்டியையும் சக்கரங்களையும் இணைத்த கம்பியைக் கழற்றினார். சக்கரங்கள் தொட்டதுமே திரும்பின. பெட்டியோடு மட்டும் இருந்த ஸ்டீயரிங் வீலைத் திருப்பினார். அது அசையவே மறுத்தது.

“ஜெயிச்சிட்டோம்!” என்று சக்கரங்கள் கத்தின. பழைய பெட்டி வெளியே போனது, புதுப் பெட்டி உள்ளே வந்தது.

கார் குதூகலமாகத் தெருவில் இறங்கியது. முதல் திருப்பத்தில் கஃபூர் பாய் லேசாகத்தான் கை வைத்தார். ஸ்டீயரிங் வீலோ, இறுகிய பெட்டியோடு மல்லுக்கட்டிய பழைய பழக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுபலத்தோடு சுற்றியது. கார் சர்ரென்று திரும்பி டீக்கடை பெஞ்சை இடித்து நின்றது.

“எல்லாம் இந்தப் புதுசாலதான்!” என்றன வீலும் சக்கரங்களும் ஒரே குரலில்.

“அண்ணே, நான் இப்பதானேண்ணே உள்ளயே வந்தேன்!” என்றது புதுப் பெட்டி.