முகம் சுளிக்காதவள்

நோயாளியின் கால் கட்டைப் பிரித்ததும் சுற்றி நின்ற மாணவிகள் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

பாக்யலட்சுமி நகரவில்லை. காசிநாதனின் காலில், சர்க்கரை நோயால் அழுகியிருந்த புண்ணின் மேல் குனிந்து பொறுமையாகத் துடைத்தாள்.

ஜாஸ்மின் குமட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். பிளஸ் டூ முடித்த கையோடு வந்த பிள்ளை, பாவம்.

பாக்யலட்சுமி நாற்பதை நெருங்கும்போது வந்தவள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே பத்தாவது எழுதித் தேறி, இந்த நர்ஸ் உதவியாளர் படிப்பில் சேர்ந்திருந்தாள். இந்த வயதில் எதற்கு என்று ஆஸ்பத்திரியில் பலருக்கும் முகம் கோணியது. பயிற்சி கொடுக்கும் எப்சி மேடம்தான் அவளுக்காகச் சண்டை போட்டு இடம் வாங்கிக் கொடுத்தார்.

இன்றைய வார்டு தேர்வில் தேறினால் இங்கேயே வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி.

முகம் சுளிக்காமல் செய்வதை இவளிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று மேடம் மற்றவர்களிடம் சொன்னார். பாக்யலட்சுமி தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு மேடம் காசிநாதனைக் கடிந்துகொண்டார். வீடே நாறியிருக்குமே, இவ்வளவு முற்றவிட்டா வருவது?

"எனக்கு எங்க மேடம் தெரிஞ்சிது? தோல் ஷாப்புல செத்துப்போன மூக்கு இது. பக்கத்து வீட்ல சொல்லித்தான் கட்டையே பிரிச்சிப் பாத்தேன்."

பாக்யலட்சுமிக்குப் பகீரென்றது.

மேடத்துக்கு மனசு இளகிவிட்டது. பாக்யலட்சுமியின் தோளைத் தட்டி, நீ தேறிவிட்டாய் என்றார்.

"இனிமே தினம் இவருக்கு நீதான் கட்டு மாத்தணும். நாத்தம் கொஞ்சம் ஜாஸ்தியானாலும் ஒடனே எங்கிட்ட சொல்லு. லேட் பண்ணா இவரு காலையே எடுக்க வேண்டி வரும்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் தொட்டிக்குத்தான் திரும்ப வேண்டும். சரி மேடம் என்று தலையாட்டினாள்.

எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

பாக்யலட்சுமி மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். புண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். இன்னும் குனிந்து, இன்னொரு முறை இழுத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

காசிநாதன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்த ஷாப்புல இருந்தம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.