மாதிரிக் கையெழுத்து

மகள் வெளிநாட்டுக்குக் கபடி ஆடப் போவதற்கான சம்மதக் கடிதத்தில் புருஷன் சீராளனின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள் என்பதுதான் பொற்கொடி மேல் வழக்கு. புகார் கொடுத்தவர் சீராளனின் அண்ணன். பொம்பளப்பிள்ளைக்குக் கபடி எதற்கு என்று அவருக்கு ஆத்திரம். நிரூபணமானால் ரெண்டு வருஷம் உள்ளே போகவேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். லாரி ஓட்டும் சீராளன், வடக்கே லோடு இறக்கிவிட்டு அன்று காலைதான் வந்து சாட்சிக் கூண்டில் ஏறியிருந்தான். நீதிபதி ஏழு தடவை கையெழுத்துப் போடச் சொன்னார். நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டான். கையெழுத்து நிபுணர் அந்தத் தாளையும் சம்மதக் கடிதத்தையும், அவனுடைய பழைய வங்கிப் படிவம், ரேஷன் விண்ணப்பம் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ஐயா, கடிதத்தில இருக்கறது அசல். பதினெட்டு வருஷமா ஒரே கை. இப்ப இவர் போட்டதுதான் போலி." பொற்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான வாரமே, "இனிமே எல்லாம் நீயே போட்டுரு" என்று லாரி ஏறியவன் அவன். "என்னய்யா இது?" என்றார் நீதிபதி. "அவ போட்டாத்தாங்கய்யா என் பேரு அழகா இருக்கும்" என்றான் சீராளன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தோள் குலுங்கியது. சாட்சியத்தைத் தட்டச்சு செய்து முடித்த குமாஸ்தா, கீழே கையெழுத்துப் போடச் சொல்லித் தாளையும் பேனாவையும் கொடுத்தார். சீராளன் வாங்கி, பழக்கதோஷத்தில் அப்படியே எட்டிக் குற்றவாளிக் கூண்டுக்குள் நீட்டினான். பொற்கொடியின் கையும் நீண்டுவிட்டது.