சுவரைத் துளைத்த இறக்கை

வீட்டுக்குள் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் விஜயம்மா முதலில் நினைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மகள் லேகாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் வீடு காண அவளும் கணவர் பொன்னப்பனும் வெள்ளறடைக்கு வந்து இறங்கியிருந்தார்கள்.

"எலி இல்ல அம்மா, பசையாக்கும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா செல்லசாமி, தலையைச் சொறிந்தபடி. "பாலைத் திரிய வச்சுப் பிழிஞ்சு, சுண்ணாம்பு போட்டு இளக்குறது. பலகையில தேச்சா பின்ன பிரியாது."

மூலையில் ஒரு சட்டி நிறைய அந்தப் பசை இருந்தது. ஈ மொய்த்தது. ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு விமான இறக்கை கிடந்தது. துணி போர்த்தாத வெறும் மரச்சட்டங்கள், தின்று போட்ட மீன் முள் மாதிரி. கறுப்பு வெள்ளை டி.வி. பெட்டிகூட அதற்கு அடியில்தான் பதுங்கியிருந்தது. வந்தவர்கள் சுவரோரமாக ஒண்டி உட்கார வேண்டியதாயிற்று.

"பறக்குமா அண்ணே?" என்று பொன்னப்பன் ஆசையாகக் கேட்டார்.

"பறக்கும்னுதான் சொல்லிக்கேள்வி," என்றார் செல்லசாமி.

விஜயம்மா முந்தானையை மூக்கில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். தரகர் இதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. மாப்பிள்ளை ரதீஷ் பஸ் டிப்போவில் மெக்கானிக், தங்கமான பையன். அப்பா, அம்மா இரண்டு பேருமே திருவனந்தபுரத்தில் விமானம் ஓட்டப் பழக்கும் கிளப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்ற மனிதர் நாலு மரச்சீனி நட்டால் ஆகாதா, கோழி வளர்த்தால் ஆகாதா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று அவள் நொந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா சௌதாமினி ஒரு தட்டில் முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்தாள். அவள் விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் வெடித்திருந்தது. தலைமுடியில் மரத்தூள். இந்த வயதில் கட்டியவளையும் மரம் இழைக்க வைத்திருக்கிறாரே, இவரெல்லாம் ஒரு மனிதரா என்று விஜயம்மாவுக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பெண்ணிடம் நல்ல வார்த்தை ஒன்றாவது பேசலாம் என்று, "முந்திரிக்கொத்து நல்லா இருக்கு அக்கா. பாகு எந்தப் பதத்துல எடுத்திய?" என்று கேட்டாள்.

சௌதாமினி திரும்பிச் செல்லசாமியைப் பார்த்தாள். "அதெல்லாம் அவருகிட்டக் கேளுங்க."

விஜயம்மா கடித்த கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். வெல்லப்பாகின் பதம் சொல்லக்கூடப் புருஷன் உத்தரவு வேண்டும் போலிருக்கிறது! இந்த வீட்டில் லேகா எப்படி வாய் திறப்பாள்?

"உள்ள வந்து பாருங்க," என்று சௌதாமினி அழைத்துப் போனாள். அடுக்களையில் பாத்திரங்கள் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தன. கிணற்றுத் தண்ணீர் இளநீராக இனித்தது. விஜயம்மாவுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது, அடுத்த அறையின் கதவு திறக்கிற வரைக்கும்.

"கல்யாணம் கழிஞ்சா பிள்ளையளுக்கு இந்த ரூமாக்கும்."

அறைச் சுவரில் ஒரு பெரிய ஓட்டை. ஹாலில் கிடந்த இறக்கையின் நுனி அது வழியாக நுழைந்து, சரியாகக் கட்டிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பசை ருசிக்கு வந்த கரப்பான் ஒன்று சட்டத்தை நக்கிக்கொண்டிருந்தது. தலையணையில் எலிப்புழுக்கை.

"அய்யே!" என்று விஜயம்மா பின்வாங்கினாள்.

"ஹால்ல நீளம் பத்தேல்ல. இது முடிஞ்சா எடுத்துருவோம். பின்ன மத்த இறக்கைக்கு இடம் வேணும்லா?"

"இன்னொண்ணா?"

"ஒத்த இறக்கையில பறக்க முடியுமா?" என்றாள் சௌதாமினி. அந்தக் குரலில் ஒரு சலிப்பும் இல்லை. பாவம், பட்டுப்பட்டு மரத்துப்போய்விட்டாள் என்று விஜயம்மா நினைத்தாள்.

அவள் விறுவிறுவென்று ஹாலுக்கு வந்தாள். பொன்னப்பன் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கண்ணைக் காட்டியும் எழுந்திருக்கவில்லை. இனி அந்த மனிதரை நம்பிப் பயனில்லை என்று செல்லசாமியின் முன்னால் அவளே போய் நின்றாள்.

"அண்ணே, உள்ளதச் சொல்லுதேன், கோவப்படப்பிடாது. பையன் நல்ல பையன். லேகாவுக்கும் பிடிச்சுப் போச்சு. ஆனா இந்த நாத்தத்துலயும் எலிப்புழுக்கையிலயும் எனக்க மோளு வந்து கிடக்க மாட்டா."

செல்லசாமி தலையைச் சொறிந்தார்.

"வயசான காலத்துல இப்பிடி ஒரு கிறுக்கு வேணுமா? அந்த அக்காளுக்க கையப் பாத்தியளா? இந்தச் சனியனத் தூக்கி வெளியில போட்டாத்தான் கல்யாணம். முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க, நாங்க அடுத்த பஸ்ஸுக்குப் போறோம்."

சௌதாமினி பின்னாலேயே வந்து மூலையில் குந்தி, ஒன்றும் கேட்காதவள் போலப் பசையைக் கிளறத் தொடங்கியிருந்தாள். மனிதர் இப்போது குதிக்கப்போகிறார் என்று பொன்னப்பன் செருப்பைத் தேடினார்.

செல்லசாமி குதிக்கவில்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மூலையை ஒரு தடவை பயத்தோடு பார்த்துவிட்டு, விஜயம்மாவின் பக்கம் குனிந்து கும்பிட்டார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அம்மா. எனக்கு அடுக்களையிலதான் அதிகாரம். பிளேன் கட்டுறது அவளாக்கும்!"