பின்னாடி, பின்னாடி

மஸ்கி மீன் பிடிக்க அந்த வருடத்தின் கடைசி நாள் அது. ஆர்லன் தன் வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த படகை ஏரிச் சரிவில் பின்னோக்கி இறக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கரையேறிய ஒரு கிழவர், தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கிக் கையை ஆட்டினார்.

"பின்னாடி... பின்னாடி..."

"பின்னாடிதானே வர்றேன்? வண்டி ஓட்ட எனக்கே சொல்லித் தர்றார் பாரு." ஆர்லன் ஹாரனை அழுத்தினான்.

"வயசானவர், விடுங்க," என்றாள் மனைவி டெனீஸ்.

"அஞ்சு மாசமா ஒரு மீன் சிக்கல. மிச்சம் இருக்கிறது ரெண்டு மணி நேரம். அதையும் இவர் தின்னுடுவார் போல."

கிழவர் அசையவில்லை. ஆர்லன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான்.

"பெரியவரே, வழி விடப் போறீங்களா இல்லையா?"

"உங்க படகுக்குப் பின்னாடி பாருங்க தம்பி."

பார்த்தான். படகுக்குள் சேரும் தண்ணீரை வடிக்கும் அடித்துளை திறந்து கிடந்தது. ஒரு ஏரித் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகாமல் இருக்க, சாலையில் வரும்போது அதன் மூடியைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். அவன் கழற்றிய மூடி வீட்டிலேயே இருந்தது. அப்படியே இறங்கியிருந்தால், உறைய வைக்கும் இந்தத் தண்ணீரில், நடு ஏரியில், டெனீஸோடு மூழ்கியிருப்பான்.

கிழவர் சட்டைப் பையிலிருந்து தன் படகின் மூடியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"அளவு ஒண்ணுதான். சாயங்காலம் ரெண்டு பேருமா வந்து திருப்பிக் கொடுங்க."